ரைன் நதிக்கரையிலிருந்து கேகாலைக்கு

சில மாதங்களுக்கு முன் யட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர் தோட்டம் ஒன்றிலிருந்து இளைஞர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். தந்தை பால் வெட்டும் தொழிலாளி. ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துச் சிற்றாலயத்தில் ஜெபம் நடத்துபவர். மகனோ கொழும்பில் கடைச் சிப்பந்தியாகச் சில ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்துடன் ஊர் திரும்பியிருந்தார். லயத்தருகே பலசரக்குக் கடை வைப்பது அவரது திட்டம்.

"ஐயா, செய்வதானால் கிறிஸ்தவ நெறிப்படி செய் என்கிறார் அப்பா. கடன் கொடுக்காமல் தோட்டத்தில் கடை நடத்த முடியாது. கொடுத்தாலோ, போட்ட பணம் திரும்ப விலையைக் கூட்டத்தான் வேண்டியிருக்கும். நெறிப்படி நடத்துவது எப்படி?" என்று கேட்டார்.

நான் வியாபாரி அல்லன். ஆனால் இதே கேள்வியை 175 ஆண்டுகளுக்கு முன் கேட்ட ஒருவரை எனக்குத் தெரியும். அந்த இளைஞரிடம் சொன்னதையே சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

1846-47 குளிர்காலத்தில் ஜெர்மனியின் ரைன் பிரதேசத்தில் கடும் பஞ்சம். வயர்புஷ் என்னும் சிற்றூர்த் தொகுதியின் மேயராக இருந்த ஃப்ரீட்ரிஷ் வில்ஹெல்ம் ரைஃபைசன், ஆழ்ந்த சீர்திருத்தச் சபைக் கிறிஸ்தவர். வசதி உள்ளவர்களிடம் பணம் திரட்டி மாவு வாங்கினார்; ரொட்டி சுட்டு, ஏழைகளுக்குக் குறைந்த விலையில், கடனாகக் கொடுத்தார். பின்னர் 1849இலும் 1854இலும் அவர் தொடங்கிய உதவிச் சங்கங்களும் செல்வர்களின் இரக்கத்தை நம்பியே நின்றன. காலம் செல்லச் செல்ல இரக்கம் வற்றியது. தருமம் பஞ்சத்தைத் தாண்ட உதவுமேயன்றி, வட்டிக்காரரின் பிடியிலிருந்து விவசாயியை மீட்காது என்பதை அவர் கண்டுகொண்டார்.

1864இல் ஹெடஸ்டோர்ஃபில் அவர் அமைத்த கடன் சங்கத்தில் கடன் பெறுபவரே உறுப்பினர். எல்லை ஒரு திருச்சபைப் பங்கின் அளவே. ஒருவரை ஒருவர் முகம் பார்த்து அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக. ஒருவர் கட்டத் தவறினால் அனைவரும் தத்தம் உடைமையால் பொறுப்பு. நிர்வாகிகளுக்குச் சம்பளம் இல்லை. கணக்கருக்கு மட்டுமே ஊதியம். இலாபத்தைப் பங்கு போடாமல், பிரிக்க முடியாத பொது நிதியில் சேர்த்தார்கள். அயலானை நேசி என்னும் போதனையை அவர் பிரசங்கமாக விட்டுவிடாமல் சங்கத்தின் விதிகளாக எழுதிவைத்தார்.

அந்த விதிகள் கடல் கடந்து வந்த வழியில் தமிழ்நாட்டுக்கும் இடம் உண்டு. சென்னை மாகாண அதிகாரி ஃபிரெடெரிக் நிக்கல்சன், ஐரோப்பியக் கடன் சங்கங்களை ஆராய்ந்து 1895இலும் 1897இலும் அளித்த அறிக்கைகளில் ரைஃபைசன் முறையையே பரிந்துரைத்தார். 1904இல் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் அவ்வாண்டே சங்கம் பதிவாயிற்று. இலங்கையில் சட்டம் வந்தது 1911இல்.

இலங்கைச் சங்கங்கள் பின்னாளில் சோர்ந்துபோயின. அவற்றுக்கு மறுவாழ்வு தந்த மாவட்டம்தான் கேகாலை. 1978இல் வல்கமவில் பி. ஏ. கிரிவந்தெனிய என்பவர் சிக்கன, கடனுதவு சங்கங்களை மீண்டும் திரட்டத் தொடங்கினார். சிங்களச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'சணச' என்று பெயர் பெற்ற இயக்கம் அது. 1997இல் அதற்கென்று ஒரு வங்கியே பிறந்தது. ஜெர்மானியக் கிறிஸ்தவர் ஒருவரின் திட்டம் பௌத்தக் கிராமங்களில் வேரூன்றித் தழைத்ததில் வியப்பில்லை. நல்ல விதி எந்த மண்ணுக்கும் பொருந்தும்.

நிற்க. அதே மலைச்சரிவில் சற்று மேலே ஏறினால் லயங்கள். அங்கே எழுதப்பட்ட கணக்கு வேறு வகையானது.

தமிழகத்திலிருந்து ஆள் திரட்டிய கங்காணி, வழிச்செலவையும் சாப்பாட்டையும் முன்பணமாகக் கொடுத்துப் பெயரில் பற்று எழுதினார். ஆள் தலைக்கு அவருக்குத் தலைக்காசு. தோட்டம் கொடுத்த அரிசியின் விலை கூலியில் கழிந்தது. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், கடன் இவ்வளவு என்று எழுதிய 'துண்டு' வேண்டும். புதிய தோட்டம் அதைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். கடன் தீராமலே கைமாறும்; கூடவே மனிதனும் கைமாறுவான். துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது 1921இல்தான்.

கிறிஸ்தவம் இந்த மலைநாட்டுக்கு வராமல் இல்லை. கோப்பிக் காலத்திலேயே, 1854இல், துரைமார் சிலரின் முயற்சியால் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியது. உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்தார்கள்; பள்ளிக்கூடங்கள் எழுந்தன. அந்தத் தொண்டைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஞாயிறன்று ஆலயத்துக்கு உதவிய கையே, திங்களன்று பெரட்டுக் களத்தில் துண்டிலும் கையெழுத்திட்டது. கணக்குப் புத்தகத்தை எவரும் திருத்தவில்லை.

ரைஃபைசனின் திட்டம் பிற்காலத்திலாவது லயங்களில் ஏன் வேரூன்றவில்லை? அவரது சங்கம் நிற்பதற்கு இரண்டு வேண்டும்: ஈடாக ஓரளவு உடைமை, ஒருவரையொருவர் அயலாராக ஏற்றுக்கொள்ளும் மனம். தோட்டத் தொழிலாளிக்குக் காணி இல்லை. வீடும் தோட்டத்துக்கே சொந்தம். 1948இன் சட்டம் குடியுரிமையைப் பறித்தது. 1964 ஒப்பந்தம் யார் இருப்பார், யார் போவார் என்பதையே ஐயமாக்கியது. நாளை கப்பலேறக் கூடியவருக்கு யார் பிணை நிற்பார்?

இரண்டாவது இன்னும் கடினம். 1977இலும் 1981 ஆகஸ்டிலும் சப்பிரகமுவத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் தாக்கப்பட்டார்கள், லயங்கள் எரிந்தன. கிராமங்களில் கடன் சங்கங்கள் புத்துயிர் பெற்ற அதே ஆண்டுகள் அவை. பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடினார்கள். பரஸ்பர நம்பிக்கையே மூலதனமான தொழிலுக்கு இதைவிடப் பெரிய நட்டம் இல்லை.

இயேசுவிடம் நியாயசாஸ்திரி கேட்ட கேள்வி, என் அயலான் யார் என்பது. ரைஃபைசனேகூட அதற்கு முழு விடை எழுதவில்லை. யூதர்களைப் பற்றிய அவரது எழுத்துகளில் அக்காலத்துக் காழ்ப்பு படிந்திருக்கிறது. அயலாரின் எல்லையை யார் வரைந்தாலும் எவரோ ஒருவர் வெளியே நின்றுவிடுகிறார்.

இளைஞரிடம் சொன்னேன்: "தம்பி, நெறி என்பது கடைப்பலகையில் எழுதும் வசனத்தில் இல்லை. மூன்று கேள்விகளுக்கு முதலில் விடை எழுதுங்கள். நட்டம் வந்தால் யார் தாங்குவது? இலாபம் எங்கே போகும்? யாருக்கு இடம் இல்லை? தனியாகக் கடன் கொடுத்தால் நீங்கள் சின்னக் கங்காணி ஆகிவிடுவீர்கள். இருபது குடும்பங்கள் மாதம் சிறு தொகை போட்டுச் சங்கமாகட்டும். கணக்கை எல்லாரும் பார்க்கச் சுவரில் ஒட்டுங்கள். கடன் அந்தப் பொதுப் பணத்திலிருந்து போகட்டும்."

சற்று யோசித்துவிட்டுக் கேட்டார்: "கீழே கிராமத்துச் சிங்கள ஆட்களும் நம் பக்கம்தான் சாமான் வாங்க வருவார்கள். அவர்களையும் சேர்க்கலாமா ஐயா?"

என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. போன மாதம் தொலைபேசியில் பேசியபோது, பதினான்கு பெயர்கள் சேர்ந்திருப்பதாகச் சொன்னார். அவற்றில் மூன்று, கீழே கிராமத்துப் பெயர்கள்.