'பழைய' சாலை: பெயர், சுங்கம், மடுவு

ஒரு சாலை தானாகப் பழையதாகிவிடுவதில்லை. பக்கத்தில் இன்னொன்று போடப்பட்டால்தான் அதற்குப் 'பழைய' என்ற அடைமொழி ஒட்டுகிறது. சென்னை மத்திய கைலாசத்தில் தொடங்கி மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால் பூஞ்சேரியில் முடிகிற, சுமார் 45 கிலோமீட்டர் நீளமுள்ள மாநில நெடுஞ்சாலை 49ஏ நெடுங்காலம் வெறும் மகாபலிபுரம் ரோடாகத்தான் இருந்தது. 1990களில் கடலோரக் கிராமச் சாலைகளைக் கோத்துக் கிழக்குக் கடற்கரைச் சாலை உருவான பிறகு இது பழைய மகாபலிபுரம் சாலை ஆயிற்று. பழையது என்று பெயர் வைத்த சூட்டோடு அதைப் புதுசாக்குகிற வேலையும் ஆரம்பித்தது. முதலில் 'ஐ.டி. காரிடார்'. பிறகு மத்திய கைலாசம் முதல் சிறுசேரி வரையிலான 20 கிலோமீட்டர் ஆறு வழிச்சாலையாகி, 2008இல் 'ராஜீவ் காந்தி சாலை' என்று பெயர் பெற்றது. வன்னியில் போர் முற்றிக்கொண்டிருந்த வருஷம் அது; தில்லியில் தி.மு.க.வும் காங்கிரசும் கூட்டணி. ஒரு பெயர்ப்பலகை எந்த அளவுக்கு அரசியல் பிரதி என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஜனங்கள் இந்த மூன்றையும் ஒதுக்கிவிட்டு 'ஓ.எம்.ஆர்.' என்கிறார்கள். அந்த மூன்றெழுத்துக்குள் 'பழைய' இன்னும் உட்கார்ந்திருக்கிறது என்பதை எத்தனை பேர் நினைக்கிறோம்?

காரிடார் என்ற சொல்லையும் லேசாக விட்டுவிட முடியாது. வீட்டில் அது நடை, தாழ்வாரம். அதில் யாரும் குடியிருப்பதில்லை, கடந்து போவார்கள். ஒரு நிலப்பரப்பை முழுசாகத் தாழ்வாரம் என்று பெயரிடும்போது அங்கே ஏற்கனவே குடியிருப்பவர்கள் என்ன ஆகிறார்கள்? வழியை மறித்துக்கொண்டு நிற்கிறவர்களாக ஆகிறார்கள்.

ஆனால் இந்தச் சாலையோரத்து ஊர்ப் பெயர்களை வடக்கேயிருந்து வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். கந்தன்சாவடி, பெருங்குடி, துரைப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி, நாவலூர், ஏகாட்டூர், படூர், கேளம்பாக்கம், தையூர், திருப்போரூர், பையனூர். சாவடி வழிப்போக்கர் தங்குமிடம். பாக்கம் நெய்தல் நிலத்து ஊர் என்று நிகண்டு படித்த எவரும் சொல்லிவிடுவார்கள். நல்லூர் என்றால் உழவும் பிரம்மதேயமும் நினைவுக்கு வரும். சேரிக்கு விளக்கம் வேண்டாம். நெய்தலும் மருதமும் கலந்து கிடக்கிற இந்தப் பெயர்களில் ஒரு 'பார்க்' கூட இல்லை. இன்று இந்த ஊர்களை ஆட்கள் அடையாளம் சொல்வது எந்தக் கம்பெனிக்கு முன்னால், எந்தக் கம்பெனிக்கு அடுத்து என்றுதான்.

சாலைக்கு முன்பு இங்கே பெருவழியாக இருந்தது தண்ணீர். சாலைக்குக் கிழக்கே, ஏறக்குறைய அதற்கு இணையாகவே ஓடுகிறது பக்கிங்காம் கால்வாய். 1806இல் சென்னைக்கு வடக்கே எண்ணூர் வரை வெட்டப்பட்ட கொக்ரேன் கால்வாயில் தொடங்கி, கட்டம் கட்டமாக வளர்ந்து, தெற்கே மரக்காணம் வரை போயிற்று. வடக்குக் கால்வாயையும் தெற்குக் கால்வாயையும் நகரத்துக்குள் இணைக்கிற துண்டு, கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே சுமார் 8 கிலோமீட்டர், 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அந்த வேலைக்குக் கொடுத்த கூலி என்ன? 1877இன் தொடக்கத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்தபடி ஆண் ஒருவருக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் சொற்பக் காசும். அதாவது 450 கிராம். அதைத் தின்றுவிட்டு மண் வெட்ட வேண்டும். வெட்டியவர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குக் கிடைக்காது. அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் 1878இல் கால்வாய்க்கு வைக்கப்பட்டது. விறகும் நெல்லும் உப்பும் தோணியில் போன வழி அது. கேளம்பாக்கம், கோவளம் பகுதி உப்பளங்களுக்கு அதுதான் சந்தைக்கான வாசல். ரயிலும் லாரியும் வந்து சரக்கைப் பிடுங்கிக்கொண்டன. 1960களின் புயல்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. பிறகு நகரத்துக்குள் பறக்கும் ரயிலின் தூண்களைக் கால்வாயின் வயிற்றிலேயே நட்டார்கள். அந்த ரயில் 2004இல் திருவான்மியூருக்கு வந்து சேர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், சாலைக்கு ராஜீவ் பெயரை வைத்த அதே 2008இல் இந்தக் கால்வாய் தேசிய நீர்வழி 4இன் ஒரு பகுதியாக அறிவிக்கப்பட்டது. தோணி போகாத நீர்வழிக்கு ஒரு நம்பர் கிடைத்தது, அவ்வளவுதான்.

தரமணிக்கு அடிக்கடி போகிறவன் நான். ரோஜா முத்தையா நூலகமும் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் அங்கேதான் இருக்கின்றன. பழைய அச்சுப் பிரதிகளைப் புரட்டிவிட்டு வெளியே வந்தால் கொஞ்ச தூரத்தில் டைடல் பூங்கா. டிட்கோவும் எல்காட்டும் கூட்டாகக் கட்டி 2000 ஜூலையில் வாஜ்பாய் திறந்துவைத்தது. அந்த இரண்டு அரசு நிறுவனங்களின் பெயர்களை ஒட்டுப்போட்டுத்தான் 'டைடல்' பிறந்தது. தனியார் மூலதனத்தின் கோட்டை என்று நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிற இந்தச் சாலையின் தொடக்கம் அரசு மூலதனம்தான். சிறுசேரியில் சிப்காட், சோழிங்கநல்லூரில் எல்காட், சாலையை அகலப்படுத்தியது தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனத்தின் துணை நிறுவனம். அரசு விலகிக்கொண்டுவிட்டது என்று தாராளமயத்தைப் பற்றி எழுதுகிற நம் கட்டுரைகள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அரசு எங்கேயும் விலகிப் போகவில்லை. நிலம் எடுத்துத் தந்தது, ரோடு போட்டது, அந்த ரோட்டுக்கு ஆளும் கொண்டுவந்து இறக்கியது.

ஆள் என்று சொன்னது சும்மா இல்லை. டைடல் திறந்த அதே 2000வாக்கில்தான் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் குடியேற்றம் தொடங்கியது. 1970இல் குடிசைகள் இருந்த இடத்திலேயே வீடு கட்டித் தருவதை முதன்மைக் குறிக்கோளாகக் கொண்டு பிறந்த குடிசை மாற்று வாரியம், முப்பது வருஷத்தில் குடிசைகளை நகரத்தை விட்டே மாற்றுகிற வாரியமாகிவிட்டிருந்தது. ஆற்றங்கரை, கால்வாய்க்கரை, மேம்பாலத்தடி என்று நகரத்தின் பல மூலைகளிலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தவர்களுக்கு அங்கே 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். ஒரு அறை, ஒரு சமையல் மூலை, அவ்வளவுதான் ஒவ்வொன்றும். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு கடற்கரைக் குப்பத்து மக்களையும் சேர்த்துச் செம்மஞ்சேரியில் 6,000க்கும் மேல். அதற்கப்புறம் பெரும்பாக்கம், அடுக்கடுக்காக, எட்டு மாடி வரை. மீன்காரரைக் கடலிலிருந்து பெயர்த்து வயல்வெளிக்கு நடுவில் வைத்துவிட்டு அதற்கு 'மறுவாழ்வு' என்று பெயர் சொன்னார்கள். வாரியத்துக்கு 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று புதுப் பெயர் வந்தது.

குடியேற்றத்துக்குக் கண்ணகி என்று பெயர் வைத்தவர் யாராக இருந்தாலும் அவர் காப்பியத்தை ஒழுங்காகப் படித்தவர் இல்லை. வீடும் பொருளும் போய் புகாரிலிருந்து மதுரைக்குக் கால்நடையாக வந்து, வந்த ஊரின் புறஞ்சேரியில் தங்கியவள் கண்ணகி. பிறகு அந்த ஊரை அவள் என்ன செய்தாள் என்பது ஊரறிந்த கதை. ஒருவேளை படித்துவிட்டுத்தான் வைத்தார்களோ, தெரியாது. 2001இல் மெரினாவில் கண்ணகி சிலை அகற்றப்பட்டபோது தமிழ்ச் சூழலே கொதித்தது, நானும் அந்தக் கொதிப்பை மதிக்கிறவன்தான். 2006இல் சிலை திரும்ப வந்துவிட்டது. கண்ணகி நகர்க்காரர்கள் யாரும் திரும்பிப் போகவில்லை.

வெளி என்பது உற்பத்தி செய்யப்படுவது என்றார் லெஃபெவ்ர். கண்ணகி நகரிலிருந்து விடியற்காலை 19பி பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள் அவரைப் படிக்காமலே இதைச் சொல்வார்கள். மந்தைவெளியில் நாலு வீட்டு வேலை பார்த்த ஒரு அம்மா என்னிடம் கணக்குப் போட்டுக் காட்டினார். "அங்க இருந்தப்ப நாலு வீடு. இங்க வந்தப்புறம் பஸ்ஸுல போற நேரத்துல ரெண்டு வீடு போச்சு. இப்ப கம்பெனில அவுஸ்கீப்பிங்." கண்ணாடிக் கட்டடத்தின் கழிப்பறையை யார் கழுவுகிறார்கள், வாசலில் சீருடையோடு யார் நிற்கிறார்கள் என்று பார்த்தால், தொழில்நுட்பப் பூங்காவும் குடியேற்றக் காலனியும் இரண்டு தனித்தனி வரலாறுகள் இல்லை என்பது விளங்கும். பெயரில்லாத ஒரு தொழிலாளர் கொள்கை அது. அந்த முகவரியைச் சொன்னால் சில இடங்களில் வேலை கிடைக்காது என்பதும் அங்கே எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. 2020இல் கண்ணகி நகர்ச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் தீட்டினார்கள். அழகாகத்தான் இருக்கின்றன. படம் பிடிக்க வருகிறவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

இனி சுங்கம். பெரும்பாணாற்றுப்படையில் உல்கு வாங்குகிற பெருவழியும், வில்லோடு அதைக் காக்கிற ஆட்களும் வருகிறார்கள். அந்தப் பாட்டு கச்சித் தொண்டைமானின் நாட்டைப் பற்றியது, நம் சாலையும் அந்தத் தொண்டை மண்டலத்துக்குள்தான் வருகிறது. முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்ற பட்டம். அரசன் சுங்கத்தைத் தவிர்த்தால் பட்டம் கட்டும் அளவுக்கு அது அபூர்வம், அதைவிட எரிச்சல். ராஜீவ் காந்தி சாலையில் பெருங்குடியில் மட்டும் சாவடி போடவில்லை, துரைப்பாக்கம், மேடவாக்கம் பக்கத்துக் கிளைச் சாலைகளின் வாயிலும் போட்டார்கள். தப்பித்துப் போக முடியாதபடி பின்னிய வலை. 2011 அக்டோபரில் செம்மஞ்சேரி வரையிலான ஊர்கள் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. அதற்குப் பிறகும் மாநகராட்சிக்கு வரி கட்டுகிறவன் தன் ஊர்த் தெருமுனையிலேயே சுங்கமும் கட்டினான். 2021 ஆகஸ்ட் கடைசியில் மெட்ரோ ரயில் வேலையைக் காரணம் காட்டி நான்கு சாவடிகளில் வசூலை நிறுத்தினார்கள். நாவலூர் சாவடி 2023 அக்டோபரில் நின்றது. யாருக்கும் பட்டம் கட்டியதாகத் தெரியவில்லை.

சுங்கம் வாங்கின காலமெல்லாம் இந்தச் சாலையோரத்து அடுக்குமாடிகளுக்கும் கம்பெனிகளுக்கும் குடிதண்ணீர் லாரியில்தான் வந்தது. 2019 கோடையில் தண்ணீர் இல்லாமல் சில கம்பெனிகள் ஆட்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னதாகப் பேப்பரில் வந்தது. நான்கு வருஷத்துக்கு முன்னால், 2015 டிசம்பரில், இதே சாலையில் படகு விட்டார்கள். இரண்டும் ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள். தென்சென்னை ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணைச் சதுப்பில் வந்து தேங்கி, அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகச் சாலையைக் கடந்து, பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, முட்டுக்காட்டில் கடலைச் சேர வேண்டும். தண்ணீர் மேற்கேயிருந்து கிழக்கே போகிறது, நாம் ரோட்டை வடக்கு தெற்காகப் போட்டிருக்கிறோம். குறுகலான மண்மேட்டுச் சாலையாக இருந்தவரை பெருவெள்ளம் அதன் மேலேறிப் போயிருக்கும். இரண்டு பக்கமும் நிலத்தை நிரப்பி மேடாக்கிக் கட்டடம் எழுப்பியதும் சாலை ஒரு அணையாகிவிட்டது, மடுவு ஒன்றுதான் அதன் மதகு. ஒருகாலத்தில் 5,000 ஹெக்டேர் இருந்ததாகச் சொல்லப்படும் சதுப்பில் பெரும்பகுதி போன பிறகு, மிஞ்சியதற்கு 2022இல் ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. அதன் ஒரு ஓரத்தில்தான் பெருங்குடிக் குப்பைமேடு. செம்மஞ்சேரிக் காலனியை எங்கே கட்டினார்கள் என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு ஐப்பசியிலும் தண்ணீரே வந்து சொல்லிவிடும்.

கேளம்பாக்கம் தாண்டினால் சாலையின் சத்தம் குறைகிறது. சிதம்பர சுவாமிகள் பாடிய முருகன் இருக்கும் திருப்போரூர், அதற்கப்புறம் ஆலத்தூர் மருந்துத் தொழிற்சாலைகள், பையனூர். ஆறு வழியெல்லாம் பின்னாலேயே நின்றுவிட்டது. கடைசியில் பூஞ்சேரி. அங்கே கிழக்குக் கடற்கரைச் சாலையோடு இது கலந்துவிடுகிறது. அந்தச் சாலைக்கும் 2022இல் கலைஞர் பெயர் வைத்தாயிற்று.

பூஞ்சேரியில் நரிக்குறவர்களும் இருளர்களும் இருக்கிறார்கள். பக்கத்து மாமல்லபுரம் கோயில் அன்னதானப் பந்தியில் உட்காரவிடாமல் விரட்டியதாக ஒரு நரிக்குறவப் பெண் பேசியது நாடெங்கும் பரவிய பிறகு, 2021 நவம்பர் தீபாவளியன்று முதலமைச்சர் நேரில் வந்து பட்டாவும் சாதிச் சான்றிதழும் கொடுத்தார். சாலையின் வடக்குப் பாதியில் அதே சமயத்தில் பெரும்பாக்கத்து அடுக்குகளுக்கு ஆற்றங்கரைக் குடும்பங்கள் வந்துகொண்டிருந்தன, ஒதுக்கீட்டு ஆணையோடு. பட்டாவுக்கும் ஒதுக்கீட்டு ஆணைக்கும் என்ன வித்தியாசம் என்று பூஞ்சேரியில் கேட்டால் ஒரு பதில் வரும், பெரும்பாக்கத்தில் கேட்டால் இன்னொரு பதில் வரும்.