கேப்பையும் அரிசியும்: போடி மலைச்சாரலின் ஆகார சரித்திரம்

போடிநாயக்கனூரில் இன்று தேக ஆரோக்கியத்தை முன்னிட்டு ஆகாரத்தை மாற்றிக்கொள்ளத் துணிகிறவர், வைத்தியர் சொற்படியோ அண்டை வீட்டார் சொற்படியோ, இரவில் அரிசிச் சோற்றை விலக்கிவிட்டுக் கேப்பைக் களிக்கோ குதிரைவாலிச் சோற்றுக்கோ வருகிறார். அவருடைய பாட்டனாரோ அதே பாதையில் எதிர்த்திசையாக நடந்து, களியை விட்டுச் சோற்றுக்கு வந்து, அப்படி வந்ததை வாழ்க்கையில் தாம் அடைந்த ஏற்றமாகவே எண்ணியவர். பேரன் செய்வது விவேகம் என்றும் பாட்டனார் செய்தது அறியாமை என்றும் சொல்லிவிடுவது சுலபம். சரித்திரம் அப்படிச் சொல்ல இடங்கொடுக்கவில்லை.

மேற்குமலையின் கிழக்குச் சாரலில், தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கை மலையுச்சியே வாங்கிக்கொண்டுவிட, எஞ்சியதையும் ஐப்பசி கார்த்திகை மழையையும் கொட்டக்குடி ஆற்றையும் நம்பி வாழ்ந்த பூமி இது. ஆற்றுப் பாய்ச்சலும் கண்மாய்ப் பாய்ச்சலும் எட்டிய வயல்களில் நெல் விளைந்தது. மற்ற மானாவாரிக் காடுகளிலெல்லாம் சோளமும் கம்பும் கேப்பையும் சாமையும் குதிரைவாலியுமே விளைந்தன. உழுது பிழைத்த எளிய குடும்பங்களில் நெல்லுச்சோறு என்பது பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கல்யாணப் பந்திக்கும் உரிய விசேஷம். மலைமேல் குரங்கணி, முதுவாக்குடிப் பக்கத்து முதுவர்கள், மதுரையிலிருந்து மலையேறி வந்ததாகத் தங்கள் பூர்வ கதையைச் சொல்பவர்கள், காட்டைத் திருத்திக் கேப்பை விதைத்து உண்டார்கள். பிற்காலத்து வனச் சட்டங்கள் அந்த மாற்றுக்காட்டு வேளாண்மையை ஒடுக்கிவிட்டன.

1895-இல் பெரியாற்று அணை முடிந்து, மேற்கே போய்க்கொண்டிருந்த நீர் மலையைக் குடைந்து கிழக்கே திரும்பியதும், கம்பம் பள்ளத்தாக்கின் முகமே மாறிற்று. இருபோக நெல் விளையும் நிலமென்று அங்கே இன்று கணக்கிடப்படுவது 14,707 ஏக்கர். போடியின் புன்செய்க் காடுகளுக்கு அந்த நீரால் நேரடிப் பயன் அன்று இல்லையாயினும், வண்டி போய்வரும் தூரத்திலேயே நெல் குவியத் தொடங்கியது.

ஆனால் ஆகாரத்தை மாற்றியதில் ஆற்றுக்குள்ள பங்கைவிட ஏலக்காய்க்குள்ள பங்கே பெரிது என்பது என் எண்ணம். அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தான எல்லைக்குள் அடர்ந்த மரநிழலில் வளர்ந்த இப்பயிர், போடிமெட்டு ஏறிப்போன தமிழ்நாட்டுக் கூலிக்காரர்களையும் முதலாளிகளையும் வியாபாரிகளையும் நம்பியே வளர்ந்தது. காய் விளையும் நிழலில் தானியம் விளையாது. ஆகவே தோட்டத்தில் வாழ்கிறவன் தன் உணவைக் காசுக்கு வாங்கியே ஆகவேண்டும், வாங்கும் உணவு பெரும்பாலும் அரிசியாகவே இருந்தது. மூணாற்றுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டக்குடிக்கு இறங்கிப் போடிக்கு வந்ததும், 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் மலைமேலிருந்த ரயில்பாதையை அழித்ததும், 1928-இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்ததும் ஊரைச் சந்தை ஊராக்கிய சம்பவங்கள். சந்தை ஊரில் வீட்டுக் குதிர் முக்கியமல்ல, கடைதான் முக்கியம்.

1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானதும், பர்மா அரிசியையே பெரிதும் நம்பியிருந்த திருவிதாங்கூர் பஞ்சத்தின் வாயில் நின்றது. உணவுப் பயிர் செய்யும்பொருட்டு அந்த அரசு ஏலமலைக் காடுகளிலேயே குத்தகைக்கு நிலம் கொடுத்தது. மரவள்ளிக்கிழங்கு எளியோர் பசியை ஆற்றிற்று. மலைக்கு இப்புறம் சென்னை மாகாணத்தில் ரேஷன் வந்தது. 1952-இல் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். 1967-ஆம் ஆண்டுத் தேர்தலில் அரிசி விலையே பெரிய கேள்வியாயிற்று. 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசமாயிற்று. பசியின் ஞாபகம் மறையாத ஜனங்களுக்கு வெள்ளைச் சோறு வெறும் ருசியன்று, அது ஒரு மரியாதை. அதைப் பரிகசிக்கிறவர்கள் பட்டினியை ஏட்டில் மட்டும் படித்தவர்களாயிருக்க வேண்டும்.

இதனிடையே, குன்னூரில் மக்காரிசன் என்ற அயர்லாந்து வைத்தியர் 1920-களில் இந்தியாவின் பல பிரதேசத்து ஆகாரங்களை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்து, கோதுமையும் பாலும் காய்கறியும் கலந்த பஞ்சாபியரின் ஆகாரத்தை மேலானதாகவும், தீட்டிய அரிசியையே பிரதானமாகக் கொண்ட சென்னை ஆகாரத்தைக் கடைத்தரமானதாகவும் கண்டு சொல்லியிருந்தார். அந்த ஆராய்ச்சியின் வழிவந்த பட்டியல்களில், நூறு கிராம் கேப்பையில் சுண்ணாம்புச் சத்து 344 மில்லிகிராம் என்றும், தீட்டிய அரிசியில் 10 என்றும் பிற்பாடு பதிவாயிற்று. ஆனால் விஞ்ஞானம் ஒன்று சொல்ல, ஊருக்கு ஊர் எழும்பிய அரிசி ஆலைகளின் புகைபோக்கிகள் வேறொன்று சொல்லிக்கொண்டிருந்தன.

ஆலைகளின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. கேப்பைக்குத் திருகை போதும். சாமையையும் குதிரைவாலியையும் உமி நீக்கிச் சோறாக்குவதற்குள் ஸ்திரீகளின் தோள்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. விடியுமுன் உரலும் உலக்கையுமாக நின்று, பின்பு காட்டு வேலைக்கும் போய், திரும்பி வந்து அடுப்பு மூட்டியவர்களுக்கு ஆலை அரிசி ஒரு விடுதலைப் பத்திரம். சிறுதானியத்தின் பெருமையைப் பேசுகிற நம்முடைய பிரசங்கிகள், உலக்கை பிடித்த கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. இன்று அந்த வேலையை இயந்திரம் செய்கிறபடியால்தான், குதிரைவாலி பொட்டலமாகிப் போடிக் கடைவீதியில் கண்ணியமாக வீற்றிருக்கிறது.

இனி இன்னொன்று. களி உண்ட பாட்டனார் சுமையோடு போடிமெட்டுக்கு ஏறி இறங்கியவர். பேரன் அதே மலைக்கு ஜீப்பில் போய்வருகிறார். உழைப்பு குறைந்த தேகத்தில் மூன்று வேளைச் சோறு செய்த காரியத்தை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுகள் எண்களாகக் காட்டின: தமிழ்நாட்டில் வயது வந்தோரிடையே நீரிழிவு 2011-இல் வெளியான கணக்கின்படி நூற்றுக்கு 10.4, 2023-இல் வெளியானதன்படி 14.4. தானியத்தை மட்டும் மாற்றிவிட்டு, உண்ணும் அளவையும் உட்கார்ந்திருக்கும் நேரத்தையும் மாற்றாமலிருப்பவருக்குக் குதிரைவாலியும் மாவுச்சத்துதான் என்பதை எந்த நல்ல வைத்தியரும் மறைக்கமாட்டார்.

சர்வதேசச் சிறுதானிய ஆண்டான 2023-இல், தமிழக அரசு ரேஷன் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதிலாகக் கேப்பை கொடுக்கும் திட்டத்தை நீலகிரியிலும் தருமபுரியிலும் பரீட்சார்த்தமாகத் தொடங்கிற்று. தேனி மாவட்டம் அந்தத் தொடக்கத்தில் சேரவில்லை. ஆகவே போடியில் அவ்வாண்டு அரிசி இலவசமாகவும், ஒருகாலத்தில் ஏழையின் தானியமாயிருந்த கேப்பை விலைக்கும் கிடைத்தது.