கிராண்டில் யார் பெயர்?

இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியிருக்கும் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே தென்னமரம் தோட்டம் இருக்கிறது. 1917ஆம் ஆண்டில் ஆன்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் அங்கே செம்பனை நட்டார். இந்நாட்டில் வாணிக நோக்குடன் செம்பனை பயிரான முதல் தோட்டம் அதுவே. தோட்டத்தின் பெயரோ நம் காதுக்குத் தென்னை மரம். காடழித்து, கன்று நட்டு, குலை சுமந்தவர்களில் நம்மவர் பெரும்பாலோர். பெயரில் தமிழ் இருந்தது. நிலத்தின் கிராண்டில் தமிழ்த் தொழிலாளியின் பெயர் இல்லை.

வீடு வாங்குவதும் விற்பதும் பற்றிப் பேச வந்துவிட்டு ஏன் பழங்கதை என்று நேயர்கள் நினைக்கலாம். நில அலுவலகத்திலும் வழக்கறிஞர் அலுவலகத்திலும் நம்மிடம் நீட்டப்படும் தாள்களுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால், எந்தத் தாளுக்கு எவ்வளவு மதிப்பு என்பது தானே விளங்கும்.

நம் பாட்டன்மார் வந்த தமிழ்நாட்டில் நிலம் வாங்குவோர் மூலப் பத்திரத்தைக் கேட்பார்கள். இவர் யாரிடம் வாங்கினார், அவருக்கு யார் கொடுத்தார் என்று பத்திரக் கட்டைப் பிரித்துப் பின்னோக்கிப் படித்துக்கொண்டே போவார்கள். இந்த நாட்டின் முறை வேறு. 1858ஆம் ஆண்டில் தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் என்பவர் ஒரு புதுமை செய்தார். கப்பல்களின் உரிமையைப் பதிவேட்டில் எழுதுவதுபோல் நிலத்தின் உரிமையையும் அரசாங்கப் பதிவேட்டில் எழுதினார். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். 1889 முதல் 1892 வரை சிலாங்கூரில் ரெசிடெண்டாக இருந்த வில்லியம் மாக்ஸ்வெல் இம்முறையில் பெரும் நம்பிக்கை வைத்தவர். 1891ஆம் ஆண்டில் சிலாங்கூருக்கு உரிமைப் பதிவுச் சட்டம் வந்தது. 1966 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்த தேசிய நிலச் சட்டமும் இதே அடிப்படையில் அமைந்ததுதான்.

ஒருவர் நாற்பது ஆண்டு குடியிருந்திருக்கலாம். கொல்லையில் முருங்கையும் மாவும் வைத்திருக்கலாம். பதிவேட்டில் பெயர் இல்லையென்றால் அந்த நாற்பது ஆண்டு தனியார் நிலத்தில் அவருக்கு உரிமை தருவதில்லை.

தோட்டத்து லயத்து வீடு அப்படிப்பட்டதுதான். 1966ஆம் ஆண்டில் தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரத்தை வகுத்த சட்டம் வந்தது. அறைக்கும் நீருக்கும் கழிப்பிடத்துக்கும் விதி பிறந்தது, நல்லதே. ஆனால் வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது.

இதன் கொடுமை துண்டாடலின்போது வெளிப்பட்டது. 1950களில், சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும், வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி மறுபடி விற்றார்கள். நூறு ஏக்கரில் உழைத்த குடும்பங்களுக்குப் பத்து ஏக்கர்க்காரரிடம் வேலை ஏது? பலருக்கு வேலையும் கூரையும் ஒரே நாளில் போயின. பேராசிரியர் உங்கு அஸீஸ் 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்து 1962ஆம் ஆண்டில் அறிக்கை தந்தார். அதற்குள் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று, மாதம் பத்து வெள்ளி சேர்த்து நூறு வெள்ளிப் பங்கு வாங்குங்கள் என்று தொழிலாளர்களைக் கேட்டுக்கொண்டார். 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பதிவு பெற்றது. கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம் அதன் முதல் கொள்முதல். அன்றைய நாட்கூலிக்குப் பத்து வெள்ளி சின்னத் தொகையல்ல. அங்கேயும் கிராண்டில் சங்கத்தின் பெயர்தான். தொழிலாளியின் பெயர் பங்குப் புத்தகத்தில். இது குறையென்று நாம் சொல்லவில்லை. சேர்ந்து வாங்குவதன் இயல்பு அது.

வட சிலாங்கூரில் இந்தக் கதை இன்னும் நீள்கிறது. மேரி, நைஜல் கார்டனர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள், 245 வீடுகளுக்காகப் பல்லாண்டுகள் போராட வேண்டியிருந்தது.

இப்போது, கையில் சேமநிதிப் பணத்தோடு வீடு தேடும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். வீட்டின் விலை 180,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் செய்ய வேண்டியது சுவரைத் தட்டிப் பார்ப்பதல்ல. கிராண்டின் எண்ணைக் கேட்டு வாங்கி, நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி அதிகாரபூர்வத் தேடல் செய்ய வேண்டும். 'சாரியான் ராஸ்மி' என்று கேட்டால் கொடுப்பார்கள். அந்தத் தாள் பல கேள்விகளுக்குப் பதில் சொல்லும். விற்பவர்தான் உரிமையாளரா? வங்கிக்கு அடமானம் உண்டா? யாராவது கேவியட் போட்டிருக்கிறார்களா? நிரந்தர உரிமையா, குத்தகையா, குத்தகையென்றால் இன்னும் எத்தனை ஆண்டு? மலாய் ஒதுக்கீட்டு நிலமா? மாநில அரசின் ஒப்புதலின்றிப் பெயர் மாற்றக்கூடாது என்ற கட்டுப்பாடு எழுதியிருக்கிறதா? இந்தக் கடைசி வரியைப் படிக்காமல் முன்பணம் கொடுத்துவிட்டு அலைபவர்கள் அதிகம்.

அடுத்தது விற்பனை ஒப்பந்தம். வழக்கமாகப் பத்து விழுக்காடு, இங்கே 18,000 வெள்ளி, ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது முன்பணம். எஞ்சியதைச் செலுத்தப் பெரும்பாலும் மூன்று மாதத் தவணை, தேவையானால் வட்டியோடு மேலும் ஒரு மாதம். வாங்குபவர் காரணமின்றிப் பின்வாங்கினால் முன்பணம் பறிபோகலாம். விற்பவர் பின்வாங்கினால், ஒப்பந்தப்படி விற்கச் சொல்லி நீதிமன்றத்தை நாடலாம். இருவருக்கும் ஒரே வழக்கறிஞர் போதாதா என்று கேட்கிறார்கள். செலவு மிச்சம் என்பது உண்மைதான். தகராறு வந்தால் அவர் யார் பக்கம் நிற்பார்? வாங்குபவருக்குத் தனி வழக்கறிஞர் இருப்பது நல்லது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள், தாளைத் தமிழில் விளக்கிச் சொன்ன பிறகே கைநாட்டு வைக்க வேண்டும். இதில் கூச்சத்துக்கு இடமில்லை.

ஒப்பந்தம் கையெழுத்தானாலும் பதிவேட்டில் இன்னும் விற்பவர் பெயர்தான் இருக்கும். அந்த இடைவெளியில் அவர் வேறொருவருக்கு விற்றுவிட்டால்? அதற்குத்தான் தனியார் கேவியட். நில அலுவலகத்தில் அதைப் பதிந்துவிட்டால், அது இருக்கும்வரை வேறு பெயர் மாற்றம் பதிவாகாது. ஆறு ஆண்டு வரை அது நிற்கும். பிறகு 14ஏ பாரத்தில் இருவரும் கையெழுத்திட, முத்திரை வரி கட்டி, பதிவுக்குக் கொடுக்க வேண்டும். முதல் ஒரு லட்சத்துக்கு ஒரு விழுக்காடு, அதற்கு மேல் ஐந்து லட்சம் வரை இரண்டு விழுக்காடு. ஆகவே நம் 180,000 வெள்ளி வீட்டுக்கு 1,000மும் 1,600ம் சேர்ந்து 2,600 வெள்ளி. முதல் வீடு வாங்குவோருக்கு அரசாங்கம் சலுகை அறிவிப்பதுண்டு. வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சேமநிதியில் 2024 மே மாதத்திலிருந்து வீட்டுக்கான பணம் 'செஜாத்ரா' கணக்கிலிருந்து எடுக்கப்படுகிறது.

இவ்வளவு எதற்கு, ஐயாயிரத்துக்கு ஒரு வீடு கிடைக்கிறது, கடிதம் எழுதிக் கைமாற்றிக் கொள்ளலாம் என்று சொல்பவர்கள் உண்டு. தோட்டத்தை விட்டு வெளியேறியவர்கள் பலர் இப்படித்தான் ஆற்றோரத்திலும் சாலையோரத்திலும் பலகை வீடு வாங்கினார்கள். பெரும்பாலும் அது அரசாங்க நிலம். கையில் இருப்பது டி.ஓ.எல். எனும் தற்காலிக உரிமம், அல்லது அதுவும் இல்லை. தற்காலிக உரிமம் ஆண்டு முடிவில் காலாவதியாகும், புதுப்பிக்க வேண்டும். அதை இன்னொருவருக்கு விற்கவோ மாற்றவோ சட்டம் இடங்கொடுப்பதில்லை. உரிமம் பெற்றவர் இறந்தால் உரிமமும் முடிகிறது. இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்ட கடிதமானாலும், விற்கமுடியாததை விற்ற கடிதம் அது.

புது வீடு கட்டுமுன்பே வாங்குவோருக்கு 1966ஆம் ஆண்டின் வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டம் வேறு பாதுகாப்பு தருகிறது. ஒப்பந்தத்தின் வாசகமே சட்டத்தில் வகுத்தது. மேம்பாட்டாளர் தம் விருப்பப்படி மாற்ற முடியாது. தரைவீட்டை 24 மாதத்தில் ஒப்படைக்க வேண்டும். சாவி வாங்கியபின் 24 மாதம் வரை விரிசல், ஒழுகலைச் சரிசெய்து தரவேண்டும். பணம் கட்டுமுன் மேம்பாட்டாளருக்கு உரிமம் உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சில வீடுகளுக்குத் தனிக் கிராண்ட் பிரிந்திருக்காது. முழு நிலமும் ஒரே கிராண்டில் இருக்க, வீட்டுரிமை ஒப்படைப்புப் பத்திரத்தால் கைமாறும். அத்தகைய வீட்டை வாங்கினால், தனிக் கிராண்ட் எப்போது வரும் என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

கள்ளக் கையெழுத்து? 2000ஆம் ஆண்டில் கூட்டரசு நீதிமன்றம், போலிப் பத்திரத்தின் மூலம் வாங்கியவரும் நல்லெண்ணத்தோடு விலை கொடுத்திருந்தால் நிலம் அவருக்கே என்று தீர்ப்பளித்தது. உண்மை உரிமையாளர் நிலத்தை இழந்தார். சட்டம் தெரிந்தவர்களே திகைத்த தீர்ப்பு அது. 2010ஆம் ஆண்டில் அதே நீதிமன்றம், முந்திய தீர்ப்பு தவறு என்று திருத்தியது. இன்று போலிக் கையெழுத்துக்காரரிடம் நேரே வாங்கியவருக்குப் பாதுகாப்பு இல்லை. நேர்மையாக விலை கொடுத்து அவரிடமிருந்து வாங்கிய அடுத்தவருக்கு உண்டு. ஆகவே விற்பவரின் அடையாள அட்டையைப் பார்ப்பது வெறும் சடங்கல்ல.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இலாபத்தின்மீது 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி சொத்து ஆதாய வரி உண்டு. இந்நாட்டுக் குடிமக்கள் வாங்கி ஐந்தாண்டு கழிந்தபின் விற்றால் 2022 முதல் அந்த வரி இல்லை. வரி இல்லாவிட்டாலும் உள்நாட்டு வருமான வரி வாரியத்துக்குப் பாரம் அனுப்ப வேண்டும். நில வரியும் மதிப்பீட்டு வரியும் பாக்கியிருந்தால் முதலில் கட்டித் தீர்க்க வேண்டும். வங்கிக் கடன் மிச்சமிருந்தால் அதைத் தீர்த்து அடமானத்தைப் பதிவேட்டில் நீக்கிய பிறகே பெயர் மாறும்.

நமக்கு மிகுதியாக வரும் கேள்வி இதுதான்: அப்பா இறந்துவிட்டார், கிராண்ட் அவர் பெயரில் இருக்கிறது, அண்ணன் தம்பிகள் விற்க ஒப்புகிறோம், விற்கலாமா? உடனே முடியாது. இறந்தவர் கையெழுத்திட இயலாது. அவர் பெயர் மாறும்வரை பிள்ளைகள் உரிமையாளர்களும் அல்லர். உயில் இல்லாத சிறு சொத்துகளுக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி நில நிர்வாகத்திடமே விண்ணப்பிக்கலாம். மரணச் சான்றிதழ், வாரிசுகளின் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும், தாயாரின் திருமணச் சான்றிதழ், கிராண்ட் நகல் ஆகியவற்றைக் கொண்டுபோக வேண்டும். விசாரணை நாள் குறிப்பார்கள். அன்று எல்லா வாரிசுகளும் நேரில் வரவேண்டும். வரமுடியாதவர் எழுத்து மூலம் ஒப்புதல் தரவேண்டும். பழைய தோட்டத் திருமணங்களில் பதிவு இல்லாதவை பல. அந்தச் சிக்கல் உள்ள குடும்பங்கள் தாயார் இருக்கும்போதே சான்றுகளைத் தேடத் தொடங்குவது நல்லது.