தெர்மோகிளைன்

கிரேக்கத்தில் 'தெர்மே' என்றால் வெப்பம். 'கிளினெய்ன்' என்றால் சாய்தல். கடலின் வெதுவெதுப்பான மேல்நீருக்கும் ஆழத்துக் குளிர்நீருக்கும் நடுவே வெப்பநிலை விறுவிறுவென்று இறங்கும் அடுக்கு இது. வெப்பச்சரிவு அடுக்கு எனலாம்.

பசிபிக்கின் நிலநடுக்கோட்டுப் பகுதியில் அந்த அடுக்கே சாய்ந்துதான் கிடக்கிறது. கிழக்கிலிருந்து வீசும் காற்று மேல்நீரை மேற்கே தள்ளுவதால், இந்தோனேசியப் பக்கம் சுமார் 150 மீட்டர் ஆழத்திலும் தென்னமெரிக்கக் கரையோரம் சுமார் 50 மீட்டரிலும் இருக்கும். காற்று தளர்ந்தால் சாய்வு குறைந்து, எல் நினோ என்னும் கடல் சூடேறும் நிகழ்வு பிறக்கும்.

காலநிலை மாதிரிகள் பல இந்தக் கூர்மையான சரிவை மங்கலாக்கி, தடித்த பட்டையாகக் காட்டுகின்றன. எல் நினோ இந்த அடுக்கோடு பிணைந்திருப்பதால், சிறு பிழையென்று இதை ஒதுக்கவே கூடாது. புவி சூடாகும்போது மேல்நீர் முந்திச் சூடேறி அடுக்குகளின் வேறுபாடு கூடும் என்பதில் மாதிரிகள் ஒத்துப்போகின்றன. எல் நினோ எவ்வளவு வலுக்கும் என்பதில்தான் பிரிகின்றன.