துருத்தி ஊதிய சிறுவன்



1913ஆம் ஆண்டு ஜூலை மாதம். பிரான்ஸ் நாட்டின் தென்கோடியில், பைரனீஸ் மலையடிவாரத்தில், செந்த் மரி தெ காம்பான் என்ற சிற்றூர். அங்கே ஒரு கொல்லன் பட்டறை. வியர்வையும் புழுதியுமாக ஒரு மனிதர் தோளில் சைக்கிளைச் சுமந்தபடி உள்ளே வருகிறார். பெயர் ஒய்ஜின் கிறிஸ்தோஃப். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தய வீரர். தூர்மலே கணவாயைக் கடந்து இறங்கும்போது, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் முறிந்துவிட்டது. பத்து கிலோமீட்டருக்கும் மேல் வண்டியைச் சுமந்து நடந்தே வந்திருக்கிறார். முந்தைய ஆண்டு பந்தயத்தில் இரண்டாம் இடம் பெற்றவர்; அந்த ஆண்டு வெல்லக்கூடியவர்களில் முக்கியமானவர்.

பந்தய விதி ஒன்று இருந்தது: வண்டி பழுதானால் வீரரே சரிசெய்ய வேண்டும், யாரும் கைகொடுக்கக் கூடாது. கொல்லர் பக்கத்தில் நின்று வாயால் சொல்லலாம், சம்மட்டியைத் தொடக்கூடாது. அதிகாரிகள் சுற்றி நின்று காவல் காத்தார்கள். நல்லவேளையாக, கிறிஸ்தோஃப் இளமையில் பூட்டு வேலை பழகியவர். இரும்பைக் காய்ச்சினார், அடித்தார், பொருத்தினார். ஆனால் ஒரு கையில் இரும்பு, மறு கையில் சம்மட்டி இருக்க, துருத்தியை ஊதுவது எப்படி? பட்டறையில் இருந்த சிறுவன் ஒருவன் ஊதினான். அதற்கு 10 நிமிடம் தண்டனை! பிறகு கருணை காட்டி, 3 நிமிடமாகக் குறைத்தார்கள். அன்று அவர் ஏறக்குறைய நான்கு மணி நேரம் பின்தங்கி, லூஷோன் நகரில் இலக்கைத் தொட்டார். பந்தய முடிவில் ஏழாம் இடம். நான்கு மணி நேரத்தை இழந்தவருக்கு மூன்று நிமிடம் ஒரு பொருட்டா என்று நமக்குத் தோன்றும். நேரத்துக்காக விதிக்கப்பட்ட தண்டனை அல்ல அது. ஒரு சிறுவனின் உதவி கணக்கில் வந்துவிடக் கூடாது என்பதற்காக விதிக்கப்பட்டது.

இப்படி ஒரு விதியை எழுதியவர் யார்? 1903இல் இந்தப் பந்தயத்தைத் தொடங்கிய பத்திரிகை ஆசிரியர் ஆன்ரி தெகிராஞ்ச். தம் விளையாட்டு நாளிதழின் விற்பனையைக் கூட்டத்தான் பந்தயத்தைத் தொடங்கினார். ஆனால் அதற்குள் ஒரு கொள்கையையும் வைத்துவிட்டார்: மனிதன் தனியே நின்று, தன் பலத்தால் மட்டும் வெல்ல வேண்டும். ஏற்றத்தை எளிதாக்கும் கியர் மாற்றும் கருவியைக்கூட 1937 வரை அவர் பந்தயம் அனுமதிக்கவில்லை. அதுவரை வீரர்கள் மலையடியில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள். ஒரு பக்கம் பெரிய பல்சக்கரம், மறுபக்கம் சிறியது. உச்சிக்குப் போனதும் மறுபடி கழற்று, திருப்பு, மாட்டு.

அந்தக் கொள்கைக்கு மலையைப் போல் பொருத்தமான இடம் வேறில்லை. சமவெளியில் ஒருவர் பின்னால் ஒருவராகப் போனால், முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுப்பார். பின்னால் வருகிறவருக்கு மூன்றில் ஒரு பங்கு வரை உழைப்பு மிச்சமாகும். ஏற்றத்தில் வேகம் குறைந்துவிடுகிறது. காற்றின் எதிர்ப்பும் குறைந்துவிடுகிறது. பிறர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிப் பயனில்லை. தன் உடல் எடையைத் தன் காலாலேயே மேலே தூக்கியாக வேண்டும்.

1910ஆம் ஆண்டுதான் பந்தயத்தை முதன்முறை பைரனீஸின் உயர்ந்த கணவாய்களுக்குக் கொண்டுபோனார்கள். வழி பார்த்துவர அல்போன்ஸ் ஸ்டைனெஸ் என்பவர் அனுப்பப்பட்டார். தூர்மலேயில் அவர் வந்த கார் பனியில் சிக்கியது. இருட்டில் நடந்தே மலையைக் கடந்து, குளிரில் விறைத்துப்போய் மறுபக்கம் சேர்ந்தார். அப்படியும், பாதை அருமை, தாராளமாகக் கடக்கலாம் என்று தந்தி அடித்தார் என்பார்கள். பத்திரிகைக்காரர்களின் உண்மைக்கு இது ஒரு பழைய உதாரணம்.

ஜூலை 21. லூஷோனிலிருந்து பயோன் வரை 326 கிலோமீட்டர். பெய்ரெசூர்த், ஆஸ்பின், 2,115 மீட்டர் உயரமுள்ள தூர்மலே, ஒபிஸ்க் என்று வரிசையாகக் கணவாய்கள். பாதி வழி மாட்டு வண்டித் தடம்; கல்லும் சேறும். தூர்மலேயை முதலில் கடந்த ஒக்தாவ் லாபிஸ், இடையிடையே இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் ஏறினார். இறங்காமலே ஏறிய குஸ்தாவ் காரிகுவுக்கு 100 பிராங்க் தனிப்பரிசு. ஒபிஸ்க்கில் அமைப்பாளர்களைப் பார்த்ததும் லாபிஸ், நீங்கள் கொலைகாரர்கள் என்று கத்தினார். ஆனாலும் அன்றைய ஓட்டத்தையும் வென்றார், அந்த ஆண்டுப் பந்தயத்தையும் வென்றார். ஏழு ஆண்டுகள் கழித்து, முதல் உலகப்போரில் விமானம் ஓட்டியபோது சுட்டு வீழ்த்தப்பட்டு இறந்தார்.

கிறிஸ்தோஃபுக்கும் இதே பட்டறைக் கதை தொடர்ந்தது. 1919இல், பந்தய வரலாற்றிலேயே மஞ்சள் சட்டையை முதலில் அணிந்தவர் அவர். வெற்றி கைக்கு எட்டிய நேரத்தில் மறுபடியும் ஃபோர்க் முறிந்தது. மறுபடியும் தானே சரிசெய்தார், மூன்றாம் இடத்தில் முடித்தார். அப்போது விதியால் தடுக்க முடியாத ஒன்று நடந்தது. பத்திரிகை வாசகர்கள் அவருக்காகக் காசு அனுப்பினார்கள். 13,000 பிராங்குக்கும் மேல் சேர்ந்தது. துருத்தி ஊதக்கூடாது என்று ஒரு சிறுவனைத் தடுக்கலாம்; ஆயிரக்கணக்கான பேரைத் தடுப்பது எப்படி? டூர் டி பிரான்ஸை அவர் கடைசிவரை வென்றதில்லை.

1930 முதல் நாட்டு அணிகள் வந்தன. ஒரே அணியில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் உதவலாம் என்றாயிற்று. உதவி வந்ததும் வேறொரு வலி வந்தது. 1934ஆம் ஆண்டு, பிரான்ஸ் அணியில் ரெனே வியெத்தோ என்ற 20 வயதுப் பையன். ஓட்டலில் எடுபிடி வேலை செய்தவன். மலையேற்றத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை. அணித்தலைவர் அந்தொனன் மாஞ் மஞ்சள் சட்டையில் இருந்தார். பியுய்மோரன்ஸ் கணவாயிலிருந்து இறங்கும்போது மாஞ் விழுந்தார்; சக்கரம் உடைந்தது. வியெத்தோ தன் முன்சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்தான். மாற்றுச் சக்கரம் ஏற்றிய வண்டி வரும்வரை, சாலையோரச் சுவர்மேல் உட்கார்ந்து அழுதான். அந்தப் படம் உலகமெங்கும் போயிற்று.

நம் மனத்தைப் பிடித்து உலுக்குவது அதுவல்ல, அடுத்த நாள் நடந்ததுதான். போர்த்தே தாஸ்பே கணவாயில் வியெத்தோ முன்னால் இறங்கிக்கொண்டிருந்தான். பின்னால் மாஞ்சுக்கு மறுபடியும் வண்டி பழுது. செய்தி தெரிந்ததும் அவன் வண்டியைத் திருப்பினான். இறங்கிவந்த அதே மலையில், எதிரே மற்றவர்கள் இறங்கி வர, இவன் மேல்நோக்கி மிதித்துப் போனான். தன் வண்டியைக் கொடுத்தான். அந்த ஆண்டு மாஞ் வென்றார். வியெத்தோ ஐந்தாவது, மலையரசன் பட்டம் அவனுக்கு. அவனும் கடைசிவரை டூர் டி பிரான்ஸை வெல்லவில்லை. முதல் நாள் கண்ணெதிரே தலைவர் விழுந்து கிடந்தார், கொடுக்காமல் தீராது. இரண்டாம் நாளோ முன்னால் போனவன் முன்னாலேயே போயிருக்கலாம்.

அடுத்து இத்தாலிக்குப் போவோம். 1914இல் ஃபுளோரன்ஸ் நகருக்குப் பக்கத்தில் பிறந்த ஜினோ பர்த்தாலி, 1938இல் டூர் டி பிரான்ஸை வென்றவர். தம்பி ஜூலியோ 1936இல் பந்தய விபத்தில் இறந்தபோது, சைக்கிளையே விட்டுவிட நினைத்தவர். கார்மேல் மூன்றாம் சபையில் சேர்ந்த பொதுநிலையினர். 1943இல் ஜெர்மானியப் படை இத்தாலியைப் பிடித்ததும், யூதர்களைப் பிடித்து அனுப்பத் தொடங்கினார்கள். ஃபுளோரன்ஸ் பேராயர் கர்தினால் எலியா தல்லா கோஸ்தா, அவர்களை மறைத்துக் காக்கும் வேலையில் இறங்கினார். பர்த்தாலி தம் சைக்கிளின் குழாய்களுக்குள்ளும் சீட்டுக்கு அடியிலும் புகைப்படங்களையும் போலி அடையாளத் தாள்களையும் வைத்துக்கொண்டு, பயிற்சி என்ற பெயரில் அசிசி வரை போய் வந்தார் என்று அவர் மகனும் வேறு சிலரும் சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பயணங்களைப் பற்றிக் கேள்வி எழுப்பும் வரலாற்று ஆய்வாளர்களும் உண்டு. அதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. கோல்டன்பர்க் என்ற யூதக் குடும்பத்துக்கு அவர் ஒளிந்திருக்க இடம் கொடுத்ததை, அன்று சிறுவனாக இருந்த அந்தக் குடும்பத்து மகனே சாட்சியாகச் சொன்னார். 2013இல் எருசலேமின் யாத் வஷேம் நினைவகம் அவரை நீதிமான்கள் வரிசையில் சேர்த்தது. கர்தினாலை அதற்கு முந்தைய ஆண்டே சேர்த்திருந்தது. பர்த்தாலி இறந்தது 2000ஆம் ஆண்டு. இதைப் பற்றி அவர் வெளியில் பேசியதில்லை. மகனிடம் சொன்னபோதும், வெளியே சொல்லாதே என்றுதான் கேட்டுக்கொண்டார்.

பத்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, 1948இல் மறுபடியும் டூர் டி பிரான்ஸை வென்றார். ரோமில் அரசியல் தலைவர் தொலியாத்தி சுடப்பட்டு நாடு கொந்தளித்த வாரம் அது. அவர் ஆல்ப்ஸ் மலைகளில் பெற்ற வெற்றிதான் உள்நாட்டுப் போரைத் தடுத்தது என்று சொல்வார்கள். சைக்கிள் பந்தயத்துக்கு அவ்வளவு பெரிய சுமையை ஏற்ற வேண்டாம்.

அவருடைய எதிராளி பவுஸ்தோ கோப்பி. இத்தாலியே இரண்டாகப் பிரிந்து நின்றது. பர்த்தாலி கோவிலுக்குப் போகிறவர்களின் ஆள், கோப்பி மற்றவர்களின் ஆள் என்று பேசினார்கள். பின்னாளில் கோப்பி மனைவியைப் பிரிந்து, மணமான வேறொரு பெண்ணோடு வாழ்ந்தார். 1955இல் இருவரும் நீதிமன்றத்தில் நின்று தண்டனை பெற்றார்கள். அதன்பின் அந்தப் பிளவு இன்னும் ஆழமாயிற்று.

1952இல் இருவரும் ஒரே அணி. அதே அணியில் அந்திரேயா கர்ரேயா என்றொருவர் இருந்தார். இத்தாலியர்கள் இப்படிப்பட்டவரை கிரெகாரியோ என்பார்கள்: தலைவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பது, சக்கரம் கொடுப்பது, காற்றைத் தாங்குவது இவர் வேலை. போரின்போது புக்கன்வால்ட் வதைமுகாமில் கிடந்து உயிரோடு திரும்பியவர். ஒருநாள் முன்னால் ஓடிய குழுவில் இருந்த கர்ரேயாவுக்கு, அவரே எதிர்பாராமல் மஞ்சள் சட்டை கிடைத்துவிட்டது. மகிழ வேண்டியவர் அழுதுகொண்டு போய் கோப்பியிடம் மன்னிப்புக் கேட்டார். மறுநாள் ஆல்ப் துவெஸ் மலையேற்றத்தில் கோப்பி அந்தச் சட்டையை எடுத்துக்கொண்டார். இது தாழ்மையா, பயமா? நமக்கு இதைப் புகழவும் மனம் வரவில்லை, பழிக்கவும் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து கலிபியே கணவாய். அங்கே கார்லோ மார்த்தினி எடுத்த படம் இன்றும் இத்தாலியில் பல கடைச் சுவர்களில் தொங்குகிறது. முன்னே கோப்பி, பின்னே பர்த்தாலி, இருவர் கையிலும் ஒரே தண்ணீர் பாட்டில். கொடுப்பது யார், வாங்குவது யார்? படத்தில் தெரியாது. நான்தான் கொடுத்தேன் என்று பர்த்தாலி சொல்லிவந்தார். இல்லை, கோப்பிதான் என்று அவர் ஆட்கள். ஏற்பாடு செய்து எடுத்த படம் என்பாரும் உண்டு. எழுபது ஆண்டுகளாக நடக்கும் இந்த வழக்கில் வேடிக்கை ஒன்று: எங்கள் ஆள் வாங்கினார் என்று பெருமையாகச் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. தாகத்தில் இருந்தவர்தான் வாங்கியிருப்பார். தாகம் என்ன அவமானமா? போர் நாட்களில் தாம் கொடுத்ததை வெளியில் சொல்லாத பர்த்தாலி, இந்த ஒரு பாட்டில் தண்ணீரை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. மனிதர் அப்படித்தான்.

வட இத்தாலியில், கோமோ ஏரிக்கு மேலே கிசால்லோ என்ற சிறு கணவாய் இருக்கிறது. உயரம் 754 மீட்டர்தான். அங்கே அன்னை மரியாவுக்கு ஒரு சிற்றாலயம். அதன் குருவாக இருந்த எர்மெலிந்தோ விகனோ கேட்டுக்கொண்டபடி, திருத்தந்தை 12ம் பயஸ் 1949 அக்டோபர் 13 அன்று கிசால்லோ அன்னையை சைக்கிள் ஓட்டுபவர்களின் பாதுகாவலியாக அறிவித்தார். அந்த ஆலயச் சுவர்களில் பந்தய வீரர்களின் சைக்கிள்கள் தொங்குகின்றன. பர்த்தாலியின் வண்டி இருக்கிறது, கோப்பியின் வண்டியும் இருக்கிறது. இன்னார் நம்மவர், இன்னார் வெளியாள் என்று அங்கே பிரித்து வைக்கவில்லை.

நொறுங்கிய வண்டி ஒன்றும் அங்கே இருக்கிறது. அது ஃபாபியோ கசார்தெல்லியுடையது. அந்தக் கோமோ பகுதியிலேயே பிறந்தவர், 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். 1995 ஜூலை 18 அன்று போர்த்தே தாஸ்பே கணவாயிலிருந்து இறங்கும்போது விழுந்து, தலையில் அடிபட்டு, 24 வயதில் இறந்தார். வியெத்தோ வண்டியைத் திருப்பினானே, அதே இறக்கம். மறுநாள் தார்ப் நகரிலிருந்து போ நகர் வரை மலைவழி ஓட்டம். அன்று யாரும் யாரையும் முந்தவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்கள் நாள் முழுவதும் ஒரே கூட்டமாக மெல்ல மிதித்தார்கள். ஊருக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் வேகத்தைக் குறைத்து ஒதுங்க, கசார்தெல்லியின் அணித் தோழர்கள் மட்டும் முன்னால் போய்க் கோட்டைத் தாண்டினார்கள். அன்றைய பரிசுப் பணம் அவர் குடும்பத்துக்குப் போயிற்று. அதிகாரிகள் யாருக்கும் தண்டனை விதிக்கவில்லை.