கிந்தனார் ஏறிய ரயில்

காரைக்கால் தலத்தெருவில் கோயில் கொண்டிருப்பவர் சிவலோகநாதர். நந்தனுக்காகத் திருப்புன்கூரில் நந்தியை விலகச் சொன்னவருக்கும் அதே பெயர்தான். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தன் சரித்திரம் 1860களின் தொடக்கத்தில் அச்சேறியதும் காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி சீசையாவின் முயற்சியால்தான்.

அந்தக் கதையைத்தான் 1949-இல் 'நல்லதம்பி' படத்தில் என். எஸ். கிருஷ்ணன் 'கிந்தனார்' காலட்சேபமாக மாற்றிப் பாடினார். பாட்டுக்கள் உடுமலை நாராயணகவி எழுதியவை. சிறு வயதில் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தேன். வயது வந்த பிறகுதான் உறைத்தது.

நந்தன் சிதம்பரம் போக ஏங்கினான். தீயில் இறங்கிய பிறகுதான் உள்ளே விட்டார்கள். கிந்தன் படிக்க ஏங்கினான். ரயிலேறிப் பட்டணம் போனான், படித்து அதிகாரியாகத் திரும்பினான். ஒரு மனிதனை உள்ளே விட நெருப்பு எதற்கு என்று கலைவாணர் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டார். 1957-இல் அவர் மறைந்தார். சிரித்த நாம் இன்னும் பதில் சொல்லவில்லை.