துண்டு வெட்டும் வரை: வன்னி வைத்தியசாலைகளின் எழுத்துவேலை

நோயாளியை அனுமதித்துக் கட்டில் கொடுப்பது, பரிசோதனைக்கு நாள் குறிப்பது, வேண்டுமானால் பெரிய வைத்தியசாலைக்கு மாற்றுவது, சுகமானதும் வீட்டுக்கு அனுப்புவது என்று ஒரு வைத்தியசாலையில் நடக்கும் எழுத்துவேலைக்கு ஊர்ப்பேச்சில் தனிப்பெயர் கிடையாது. அதன் முடிவுக்கு மட்டும் பெயர் உண்டு. ‘துண்டு வெட்டியாச்சு’ என்றால் வீட்டுக்குப் போகலாம்.

கனகராயன்குளம் கண்டி வீதியில், புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையே, வவுனியா வடக்குப் பிரிவில் இருக்கிறது. சத்திரசிகிச்சை என்றாலும் சிக்கலான பிரசவம் என்றாலும் இங்கிருந்து வீதியேறித்தான் போகவேண்டும். இப்படியான ஊர்களில் வைத்தியத்தின் பாதி வழியிலேயே நடக்கிறது. ஒரு கையிலிருந்து அடுத்த கைக்கு நோயாளி மாறும்போது அவருக்காகப் பேசுவது கூடவே வரும் தாள்தான். அந்தத் தாளின் வரலாற்றை விட்டுவிட்டு வன்னியின் வைத்திய வரலாற்றை எழுத முடியாது.

இலங்கையில் சிவில் மருத்துவத் திணைக்களம் 1858இல் உருவானது. அந்நாளில் வன்னி என்றால் காய்ச்சலும் பறங்கி நோய் எனப்பட்ட தோல் தொற்றும்தான் அதிகாரிகளின் நினைவுக்கு வந்தன. பறங்கி நோயைப் பற்றித் திணைக்களத் தலைவர் கின்சி 1881இல் தனி அறிக்கையே எழுதினார். வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களுக்கென ஜே. பி. லூயிஸ் எழுதிய கைந்நூல் 1895இல் வெளிவந்தது. சிறிய மருந்துச்சாலைகளை நடத்தியவர்கள் அப்போதிக்கரிகள். நோயைப் பார்ப்பது, மருந்தைக் கலப்பது, பேரேட்டில் எழுதுவது, மேலிடத்துக்குக் கணக்கு அனுப்புவது எல்லாம் ஒருவர் வேலை. கலவை மருந்துக்குப் போத்தலை நோயாளியே கொண்டுவரவேண்டும். மூன்று வேளை மருந்தின் அளவைக் காட்ட, ஓரம் வெட்டிய கடதாசிப் பட்டியைப் போத்தலில் ஒட்டிக் கொடுப்பார்கள். எழுத்துத் தெரியாதவரும் வாசிக்கக்கூடிய மருத்துவக் குறிப்பு அது. 1905இல் யாழ்ப்பாணம் வரை ரயில் பாதை பூர்த்தியானபின் கடிதமும் மருந்துப்பெட்டியும் நோயாளியும் ஒரே வண்டியில் போய்வரலாயின.

மலேரியா இந்த எழுத்துவேலைக்கு வேறொரு ஒழுங்கைக் கொடுத்தது. காய்ச்சலோடு வருபவரின் விரலில் குத்தி, கண்ணாடித் தகட்டில் இரத்தம் பூசி, ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். முடிவு வருவதற்குள் ஆள் வயலுக்கோ காட்டுக்கோ போயிருப்பார். ஆகவே பெயர் மட்டும் போதாது. குளம், குறிச்சி, தகப்பன் பெயர் என ஆளைத் தேடிப் பிடிக்கக்கூடிய விபரம் ஏட்டில் இருக்கவேண்டும். 1963இல் நாடு முழுவதும் 17 நோயாளர் என்ற அளவுக்கு இறங்கிய மலேரியா பிறகு திரும்பி வந்தது. 1990களில் வடக்கில் அது மிகக் கடுமையாக இருந்தது. 2016 செப்டெம்பரில்தான் இலங்கை மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. மருந்துக்கும் புகையடிப்புக்கும் கிடைத்த புகழில் ஒரு பங்கு, அந்த ஏடுகளில் குறிச்சியின் பெயரைப் பிழையில்லாமல் எழுதியவர்களுக்கும் உரியது.

1952ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுகாதார சேவைகள் சட்டம் அரசின் வைத்திய நிர்வாகத்தை ஒழுங்கமைத்தது. இலங்கையில் எவரும் யாருடைய கடிதமும் இன்றி எந்த அரச வைத்தியசாலைக்கும் போகலாம். நல்ல உரிமை. ஆனால் ஒருவரின் நோய் வரலாற்றை ஓரிடத்தில் சேர்த்து வைத்திருக்கும் குடும்ப வைத்தியர் இதனால் அமையவில்லை. அந்தப் பொறுப்பு நோயாளியின் கைக்கே வந்தது. அதுதான் கிளினிக் கொப்பி. பிரஷர், சீனி அளவு, மருந்து, அடுத்த திகதி எல்லாம் அதற்குள் இருக்கும். மழைக்கு நனையாமல் சொப்பிங் பையில் சுற்றி வைத்திருப்பார்கள்.

வாட்டுக்குள் அதே வேலையைச் செய்வது பி.எச்.ரி. எனப்படும் கட்டில்தலைச் சீட்டு. வைத்தியரின் கட்டளை, தாதியின் குறிப்பு, ஆய்வுகூட முடிவு எல்லாம் அதில் கோக்கப்படும். நள்ளிரவில் ஒவ்வொரு வாட்டிலும் தலை எண்ணப்படும்: இருந்தவர், வந்தவர், போனவர், இறந்தவர், மிகுதி. அடுத்த நாள் சாப்பாட்டுக் கணக்குக்கும் காலாண்டுப் புள்ளிவிபரத்துக்கும் அடிப்படை இந்த எண்ணிக்கைதான்.

போர்க்காலத்தில் தாள் இன்னும் பாரமானது. 1990இல் வடக்கு ரயில் நின்றது. 1997 மே மாதம் இராணுவம் தொடங்கிய ஜயசிக்குறு நடவடிக்கை கண்டி வீதி நெடுகப் போர்முனையைக் கொண்டுவந்தது. கனகராயன்குளமும் இராணுவத்தின் கைக்குப் போய், 1999 நவம்பரில் மறுபடி விடுதலைப் புலிகளின் கைக்கு மாறியது. வன்னியின் வைத்தியசாலைகளில் பணியாற்றியவர்கள் அரசின் சம்பளத்தில் இருந்தார்கள். மருந்துக்கோ பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டியிருந்தது. வவுனியாவுக்கு மாற்றப்படும் நோயாளியின் பெயர் மருத்துவப் படிவத்தில் இருந்தால் மட்டும் போதாது, சோதனைச்சாவடியில் ஏற்கப்படும் பட்டியலிலும் இருக்கவேண்டும். நோயின் அவசரத்தைச் சொல்லவேண்டிய தாள் ஆளின் அடையாளத்தையும் சொல்லவேண்டியதாயிற்று. 2002இல் வீதி திறந்தபோது இந்தச் சுமை சற்றுக் குறைந்தது. 2006 ஓகஸ்டில் முகமாலையில் மூடப்பட்டபின் மீண்டும் கூடியது.

2008 செப்டெம்பரில் ஐ.நா. நிறுவனங்கள் வன்னியை விட்டு வெளியேறின. செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு தங்கியது. கிளிநொச்சி வைத்தியசாலை கட்டிலும் உபகரணமுமாகக் கிழக்கே இடம்பெயர்ந்தது. 2009 பெப்ரவரி முற்பகுதியில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணைத் தாக்குதலுக்குள்ளாகி, நோயாளர் புதுமாத்தளனுக்குக் கொண்டுபோகப்பட்டனர். பெப்ரவரி 10 முதல் மே 9 வரை சுமார் 14,000 காயப்பட்டோரும் நோயாளரும் உறவினரும் கப்பலில் வெளியேற்றப்பட்டார்கள். முதலில் திருகோணமலைக்கும், பின்னர் இந்திய மருத்துவக் குழு கூடாரம் அமைத்திருந்த புல்மோட்டைக்கும் போனார்கள். கப்பலில் இடம் குறைவு, கடற்கரையில் கிடந்தவர்கள் அதிகம். யாரை ஏற்றுவது, துணைக்கு யாரை விடுவது என்ற முடிவு ஒவ்வொரு முறையும் எடுக்கப்படவேண்டியிருந்தது. நோயாளரை ஒருங்கிணைக்கும் வேலைக்கு இதைவிடக் கொடிய பொருள் வன்னியில் இருந்ததில்லை. வவுனியா வைத்தியசாலையில் கட்டில்களைப்போலப் பல மடங்கு ஆட்கள் நிலத்தில் கிடந்தார்கள்.

போர் முடிந்தபின் மீள்குடியேற்றத்தோடு கனகராயன்குளத்துக்கும் மக்கள் திரும்பினார்கள். ரயில் 2013இல் கிளிநொச்சிக்கும் 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் ஓடியது. 2018 ஜூலையில் 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் வட மாகாணத்துக்கு வந்தது. பல இடப்பெயர்வுகளில் காணி உறுதியோடும் அடையாள அட்டையோடும் ஒரே பையில் பயணப்பட்ட கிளினிக் கொப்பி இப்போது மறுபடி மாதாந்தக் கிளினிக்குக்குப் போகிறது. அதன் கடைசிப் பக்கத்தில் எழுதப்படுவது அடுத்து வரவேண்டிய திகதி.